சினிமாவுக்கு சென்சார் போர்டு; கேமுக்கு நீங்கள்தான் போர்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துக்கள். தென்காசி, குற்றாலம் பகுதிகளில் புதுக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களின் வீடுகளுக்குச் சென்று, விண்டோஸ் செட் செய்து, பிரிண்டர் இணைத்துக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்து காபி வரும் நேரத்தில், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே வேண்டுகோள்தான். "அண்ணாச்சி, அப்படியே நாலு புதுப்படம் ஏத்தி விட்ருங்க. பையனுக்கு ரெண்டு கேமும் போட்டுக் கொடுத்துருங்க."

கேட்பவர்கள் நல்லவர்கள்தான். படமும் கேமும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் இலவசப் பொருள் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. ஒரு படம் திரைக்கு வருவதற்குள் எத்தனை சட்டங்களைத் தாண்டுகிறது, ஒரு கேம் எதையெல்லாம் தாண்டாமலேயே உங்கள் வீட்டிற்குள் வந்து விடுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால் இந்த எண்ணம் மாறும். வாருங்கள், பார்க்கலாம்.

மத்தளம்பாறையில் நின்ற படப்பிடிப்பு

நம்ம ஊர் உதாரணத்திலிருந்தே ஆரம்பிப்போம். 2023 ஏப்ரலில் தனுஷ் நடித்த கேப்டன் மில்லர் படத்தின் ஷூட்டிங் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறை பகுதியில் நடந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. பிரிட்டிஷ் காலக் கதை என்பதால் குண்டுவெடிப்புக் காட்சிகள், இரவு நேரத்தில் சக்தி வாய்ந்த விளக்குகள் எல்லாம் இருந்தன. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அருகில் இருப்பதால் வனவிலங்குகள் மிரளும் என்று புகார் எழுந்தது. உரிய அனுமதி இல்லை என்று கூறி மாவட்ட ஆட்சியர் படப்பிடிப்பை நிறுத்த உத்தரவிட்டார். அனுமதிப் பிரச்சினை தீர்ந்த பிறகு படம் முடிக்கப்பட்டு, 2024 ஜனவரி 12 அன்று வெளியானது.

1988ல் அறிவிக்கப்பட்ட இந்தக் காப்பகம் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் ஒரு திருத்தம் வந்தது. சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தரலாம். ஆனால் விலங்குகளின் வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, அவற்றுக்குப் பாதிப்பும் வரக் கூடாது என்று அது சொல்கிறது. எவ்வளவு பெரிய நடிகர் நடித்தாலும், எத்தனை கோடி செலவானாலும், ஒரு மாவட்ட ஆட்சியரின் உத்தரவில் கேமரா நின்று விடும். திரைப்படத் தொழிலின் முதல் சட்ட வேலி இதுதான்.

யானை நிஜமா? கம்ப்யூட்டர் யானையா?

அடுத்த வேலி விலங்குகள். 1960ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001ல் விதிகள் கொண்டு வரப்பட்டன. அவற்றின்படி, படத்தில் விலங்குகளைப் பயன்படுத்துபவர் இந்திய விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே விவரம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்குத் தடை உண்டு. 2011ல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. சில படங்களில் விலங்கு வரும்போது திரையின் ஓரத்தில் 'சிஜிஐ' என்று சின்ன எழுத்துகள் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் பார்ப்பது நிஜ விலங்கு அல்ல, கம்ப்யூட்டரில் உருவாக்கியது என்று அர்த்தம். காட்டை எரிக்காமல் தீயையும், மாட்டைத் துன்புறுத்தாமல் மஞ்சுவிரட்டையும் காட்ட முடிகிறது. சட்டம் போட்ட வேலிகளும் கிராபிக்ஸ் கலை வளர ஒரு காரணம் என்பது என் கருத்து.

அதே போல, 2012 அக்டோபர் 2 முதல் புகைபிடிக்கும் காட்சியின்போது எச்சரிக்கை வாசகம் காட்டுவது கட்டாயமாக இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களுக்கும் அது பொருந்தும்.

அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

படம் முடிந்ததும் 1952ம் ஆண்டு திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைக்குச் செல்கிறது. தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகங்களில் ஒன்று சென்னையில் உள்ளது. 2023ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, வயது வாரியான புதிய பிரிவுகள் வந்தன. உங்களுக்காகச் சுருக்கமாக:

* யு - அனைவரும் பார்க்கலாம்.
* யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ - அந்த வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.
* ஏ - 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

ஓடிடி தளங்கள் 2021ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இதே போன்ற வயதுக் குறியீட்டைத் தாங்களே போட்டுக் கொள்கின்றன. படம் ஆரம்பிக்கும்போது திரையின் மூலையில் அது தோன்றி மறையும்.

யுஏ என்றால் பொறுப்பு உங்கள் கையில் என்பதை மறந்து விடாதீர்கள். சட்டம் வாசல் வரை வந்து சாவியை உங்களிடம் கொடுத்து விட்டுப் போய் விடுகிறது.

கேம்ஸ்: போர்டு எங்கே?

இப்போது கேம்ஸ் பக்கம் வருவோம். நம் நாட்டில் ஒரு வீடியோ கேம் விற்பனைக்கு வருமுன் அதைப் பார்த்துச் சான்றிதழ் தரும் அரசு வாரியம் கிடையாது. சிகரெட் எச்சரிக்கை போன்ற கட்டாயமும் இல்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம்.

அமெரிக்காவில் 1993ல் மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் போன்ற கேம்களின் வன்முறை குறித்து செனட் சபை விசாரணை நடத்தியது. அரசே சட்டம் போட்டு விடும் என்று பயந்த நிறுவனங்கள் 1994ல் ஈஎஸ்ஆர்பி என்ற வயதுக் குறியீட்டு அமைப்பை உருவாக்கின. ஐரோப்பாவில் 2003ல் பெகி வந்தது. கேம் டிவிடி உறையில் இருக்கும் 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் பெகி கொடுத்தவை. இ என்றால் எல்லோருக்கும், டி என்றால் 13 வயதுக்கு மேல், எம் என்றால் 17 வயதுக்கு மேல். இவை ஈஎஸ்ஆர்பி எழுத்துகள். பலர் இந்த எண்ணை கேம் எவ்வளவு கஷ்டம் என்பதற்கான அளவு என்று நினைத்துக் கொள்கிறார்கள். இது கஷ்டத்தின் அளவு அல்ல. யாருக்கு ஏற்றது என்பதன் அளவு.

சில சமயம் நிறுவனங்கள் தாங்களாகவே விலகிக் கொள்வதும் உண்டு. 2008ல் ஃபால்அவுட் 3 கேமை இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாப்ட் முடிவு செய்தது. கலாச்சார உணர்வுகள் என்று பொதுவாகக் காரணம் சொன்னார்கள்.

பப்ஜி தடையும் பலரும் தவறாகப் புரிந்து கொண்ட ஒன்று. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் அதில் சிக்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. துப்பாக்கிச் சண்டை அல்ல. "தடை நீங்கி புதுப் பேரில் வந்துருச்சு, அப்போ பிள்ளைக விளையாடலாம்தானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அரசு பார்த்தது டேட்டா பாதுகாப்பை. உங்கள் பத்து வயதுப் பையனுக்கு ஏற்றதா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பணம் கேட்கும் கேம்கள்

தமிழ்நாட்டில் சட்டம் கடுமையாகத் தலையிட்டது பணம் கட்டி ஆடும் கேம்களில்தான். ஆன்லைன் ரம்மியில் கடனாளியாகி உயிரை மாய்த்துக் கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்டோபரில் சட்டப்பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றை அடியோடு தடுக்க முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2025ல் வந்த விதிமுறைகள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை விதித்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடவும் தடை. இவை செல்லும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜூனில் கூறியது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை நடத்துவது, விளம்பரம் செய்வது, அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவது ஆகிய மூன்றையும் அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை.

ஆனால் கேமுக்குள் உடை, ஆயுதம், 'லக்கி பெட்டி' வாங்கும் செலவு வேறு கணக்கு. திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அந்தப் பெட்டிகளில் சிலவற்றை 2018ல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. அம்மாவின் மொபைலில் ஜிபே பின் நம்பர் தெரிந்த பையன் இருக்கும் வீட்டில், மாதக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் காணாமல் போவது இந்த வழியாகத்தான்.

நாலு படம் ஏற்றினால் என்ன தப்பு?

தப்புதான். தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கும், லாபத்துக்காகத் திருட்டுக் காப்பியைப் பொதுமக்களுக்குத் திரையிடுவதற்கும் 2023ம் ஆண்டு திருத்தம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பித்து, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். சீசன் நேரத்தில் லாட்ஜில், டூரிஸ்ட் பஸ்ஸில் பென் டிரைவ் சொருகிப் புதுப்படம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2004லேயே திருட்டு விசிடி ஆட்கள் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டு வரப்பட்டார்கள். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் ராயன் படத்தை மொபைலில் பதிவு செய்த மதுரை இளைஞரைக் கேரள போலீசார் கைது செய்தார்கள்.

கேமும் சாப்ட்வேர்தான். தெரிந்தே திருட்டு சாப்ட்வேரைப் பயன்படுத்தினால், காப்பிரைட் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் உண்டு. வியாபார நோக்கம் இல்லாவிட்டால், தகுந்த காரணம் சொல்லி நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். நீங்கள் விலைக்கு வாங்கிய சாப்ட்வேருக்குப் பாதுகாப்பாக ஒரு பேக்கப் காப்பி எடுத்துக் கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது.

சட்டத்தை விடுங்கள். கிராக் செய்த கேமை இன்ஸ்டால் செய்யும்போது "ஆன்டிவைரஸை ஆப் செய்யவும்" என்று கேட்கும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து விட்டுத் தூங்கச் சொல்வதற்கு இது சமம். பாஸ்வேர்ட் திருடும் புரோகிராம்கள் இப்படித்தான் உள்ளே வருகின்றன.

இன்றே செய்ய வேண்டியவை

1. குழந்தைக்குத் தனி அக்கவுண்ட்: விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்று சென்று குழந்தையைச் சேருங்கள். பிறகு மைக்ரோசாப்ட் ஃபேமிலி சேஃப்டியில் வயது வரம்பையும், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் செட் செய்யலாம்.

2. மொபைலில் பூட்டு: பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று சென்று ஆன் செய்யுங்கள். குழந்தைக்குத் தெரியாத பின் நம்பர் கொடுங்கள். எதை வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கும்படியும் அமைத்து விடுங்கள்.

3. வயது எண்ணைப் பாருங்கள்: பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழேயே 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருக்கும். இன்ஸ்டால் பட்டனைத் தொடும் முன் ஒரு நொடி போதும்.

4. முதல் நாள் கூட உட்கார்ந்து விளையாடுங்கள்: எந்த எண்ணும் சொல்லாததை அரை மணி நேரம் சொல்லி விடும்.

5. பணம் போய் விட்டதா: ஆன்லைன் மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சரி, வீட்டுக்காரர் கேட்டதற்கு நான் என்ன செய்கிறேன்? பணம் இல்லாமல், சட்டப்படியே தர நல்ல சரக்கு இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச சாப்ட்வேரில் உருவான பிக் பக் பன்னி (2008), சின்டெல் (2010) என்ற அனிமேஷன் படங்களை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம், நண்பருக்கும் காப்பி கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, கார் ரேஸ் பிரியர்களுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட். இரண்டும் இலவசம். இவற்றை ஏற்றிக் கொடுத்து, கூடவே பிளெண்டரையும் போட்டு விடுகிறேன். இன்று அதில் ஒரு பெட்டியை உருட்டிப் பார்க்கும் பிள்ளை, நாளை ஒரு படத்துக்காகக் காட்டுக்குப் பாதகம் இல்லாமல் குண்டு வெடிக்க வைக்கும் கிராபிக்ஸ் கலைஞராக வரலாம். அப்போது திருட்டுக் காப்பியால் அடிபடுவது உங்கள் பிள்ளையின் சம்பளமாகவும் இருக்கும்.