பிரசவ வலிக்கு ஒளி மருந்தாகுமா?

வட சென்னையில் திருவொற்றியூரை அடுத்து விம்கோ நகர் என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அங்கே இயங்கிவந்த ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கமே ‘விம்கோ’. தீக்குச்சியை உரசினால் ஒளி கிடைக்கும், வெப்பம் கிடைக்கும். ஒளிக்கு வலியைத் தணிக்கும் ஆற்றலும் உண்டா? அதிலும் பிரசவ வலியை?

வட சென்னைத் தாய்மார்கள் பலர் ராயபுரத்திலுள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில்தான் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். உங்களில் சிலர் பிறந்த இடமும் அதுவாக இருக்கலாம்! கருப்பை என்பது ஒரு தசைப் பை. அது விட்டுவிட்டுச் சுருங்கி, தன் வாயை 10 சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டும். அந்த வேதனையை நரம்புகள் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குக் கொண்டுபோகின்றன. முதுகில் ஊசி போட்டு அந்தச் செய்தியைத் தடுக்கலாம். ஆனால் அதற்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும், எல்லா நேரத்திலும் அவர் இருப்பதில்லை. பெத்தடின் போன்ற ஊசிகளோ தாயின் இரத்தம் வழியே குழந்தையையும் எட்டி, பிறந்தவுடன் அதன் மூச்சை மந்தமாக்கிவிடக்கூடும். ஆகவேதான் மருந்தில்லா வழிகளைத் தேடுகிறார்கள்.

ஒளியாவது, மருந்தாவது என்று சிரிக்காதீர்கள். 1956-இல் இங்கிலாந்தின் ராச்போர்டு மருத்துவமனையில், மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் மட்டும் வெளுத்திருப்பதை ஒரு செவிலியர் கவனித்தார். 1958-இல் அந்த மருத்துவமனையின் ஆய்வு வெளிவந்தது. இன்று நீல விளக்கின் கீழே கண்களைக் கட்டிப் படுக்கவைத்திருக்கும் பச்சிளங் குழந்தைகளைப் பிரசவ மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

வலிக்கு வருவோம். இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்தி எரியவிடுங்கள். விரல்கள் செக்கச்செவேலென ஒளிரும். வெள்ளை ஒளியிலுள்ள நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தசையைக் கடந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத, சிவப்பை அடுத்த அகச்சிவப்புக் கதிர்களும் இப்படித்தான் உள்ளே போகும்.

1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழித்த எலிகளின் மீது மெல்லிய சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் முளைத்தது! செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு நொதி அந்த ஒளியை உறிஞ்சுவதே காரணம் என்று கருதுகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இம்முறை இப்போது பயன்படுகிறது.

அப்படியானால் இடுப்பு வலிக்கும் ஏன் கூடாது? 2018-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், பிரசவ வேளையில் தாயின் முதுகில், வலிச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் பகுதியில், எல்.ஈ.டி. விளக்குகளை வைத்துச் சோதிக்கும் திட்டமொன்றை வெளியிட்டார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அதை மருந்து என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. வலியை அளக்கத் தராசு கிடையாது. தாய் சொல்வதுதான் அளவு. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து முதுகில் எதையோ வைத்தாலே வலி கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றும். முழங்கை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடு உணர்ச்சி முந்திக்கொண்டு, தண்டுவடத்தில் வலிக்கான ‘கதவை’ ஓரளவு சாத்திவிடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் விளக்கினார்கள். ஆகவே எரியாத விளக்கையும் சில தாய்மார்களுக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒளியின் வேலை எது, கையின் வேலை எது என்பது தெரியும். அதற்குள் ‘வலி போக்கும் விளக்கு’ என்று யாராவது விற்க வந்தால் வாங்கிவிட வேண்டாம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளக்கை ஏற்றுவதைவிடத் தணிப்பதில் பலன் இருக்கலாம். இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினுக்கு அது துணைபோகிறது. பிரசவ வலி பெரும்பாலும் இரவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். பிரகாசமான விளக்கு, அதிலும் நீலம் கலந்த வெள்ளை ஒளி, மெலடோனினைக் குறைத்துவிடும். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பெற்ற அந்தக் காலத்துப் பாட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. (வேறு ஆபத்துகள் ஏராளமாக இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.)

எனவே வலி தொடங்கிய முதற்கட்டத்தில் தலைக்கு மேலுள்ள குழல் விளக்கை அணைத்து, சுவரோரம் ஒரு சிறு விளக்கைப் போடலாம். தாய் கொஞ்சம் நடக்கலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. அம்மாவோ அக்காவோ இடுப்பைத் தேய்த்துவிடலாம். குழந்தையின் தலை தெரிந்ததும் டாக்டரம்மா குழல் விளக்கை மட்டுமல்ல, பெரிய விளக்கையும் போடச் சொல்வார். இரத்தப்போக்கைக் கவனிக்கவும் தையல் போடவும் அவருக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.