வீட்டுப் படம் – 6: குடத்தை நகர்த்த வேண்டாம்

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் மட்டுமே உள்ள வீடுகள் ஏராளம். அங்கே குடும்பத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால் முதலில் நடப்பது ஒதுக்கிவைப்பு. தண்ணீர்க் குடங்கள் வெளியே போகும். கொடியில் கிடக்கும் துணி சுருட்டப்படும். அம்மா புடவை மாற்றிக்கொள்வார். எல்லோரும் சுவரில் முதுகை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். அப்படி எடுத்த படம் ராயபுரத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம், ராமநாதபுரத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். அந்த வீட்டை, அந்த வீட்டின் ஒரு நாளை அது சொல்லாது. அன்றாடக் குடும்பப் படம் தேற வேண்டுமானால் நல்ல கேமரா வாங்குவதற்கு முன், இந்த ஒதுக்கிவைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டு அது. மணமக்கள், குழந்தைகள், பெரியவர்கள், இறந்தவர்கள் என எல்லோரும் அவற்றில் உண்டு; அவர்கள் வாழ்ந்த வீடு மட்டும் இல்லை. பின்னால் இருப்பது தீட்டிய திரைச்சீலை. அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு மிகுந்த வெளிச்சம் வேண்டும், கேமராவோ கனமானது. அதனால் வீட்டார்தான் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு அக்ஃபா கிளிக் போன்ற சிறிய கேமராக்கள் வந்தன. ஆனால் ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம். கழுவவும் பிரிண்ட் போடவும் தனிச் செலவு. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் என்றுதான் சுருளை எடுத்துவைக்க முடிந்தது. குடும்பப் புகைப்படம் விசேஷங்களைக் கொண்டாடவே பயன்படுகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1965-இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார். இன்று செல்போனில் இன்னொரு படத்துக்குத் தனிச் செலவில்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

“இருட்டு வீடு, நெருக்கடி, இங்கே என்ன எடுப்பது?” என்ற கேள்வி நியாயமானது. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. பின்வாங்க இடமில்லாத அறையில் முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார். எல்லோரையும் ஒரே படத்துக்குள் திணிக்கும் ஆசையை விட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். ஒருவர், அவர் செய்யும் வேலை, அந்த வேலைக்கான பொருள்: ஒரு படத்துக்கு இவ்வளவு போதும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, குறுகிய சந்து பலர் நினைப்பதைவிட நல்ல இடம். நேர் வெயில் அதிக நேரம் விழாது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வாசல் வழியாக நுழையும் வெளிச்சம் மென்மையானது. எதிர்ச் சுவர் பச்சையென்றால் முகத்திலும் கொஞ்சம் பச்சை ஏறும், அதையும் கவனிக்க வேண்டும். படத்துக்குரியவர் வாசலிலிருந்து ஓரிரு அடி உள்ளே, வெளிச்சத்தை நோக்கிப் பாதி திரும்பி இருக்கட்டும். எடுப்பவர் பக்கச் சுவரோரம் உட்கார வேண்டும். வாசலில் நின்றால் வருகிற ஒரே வெளிச்சத்தையும் அவரே மறைத்துவிடுவார். டியூப்லைட்டை அணைத்துவிடலாம், இரு நிற வெளிச்சம் கலந்தால் கன்னம் ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம் என்றாகும். படத்துக்குள் வாசலும் தெரிந்தால் செல்போன் அதன் பளபளப்புக்கு ஏற்ப முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டால் சரியாகும், ஆனால் அப்போது கருத்த தோல் வெளுத்துப்போகவும் கூடும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுக்க வேண்டும். முகத்தை மெழுகிவிடும் அழகூட்டும் வசதியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். நம் நிறம் திருத்தப்பட வேண்டிய பிழை இல்லை. மங்கலான வெளிச்சத்தில் அசையும் கை கலங்கிவிடும் என்பதால், மாவு ஊற்றிய கரண்டி மேலெழும் நொடி, ஊசி நூலை இழுத்து நிற்கும் நொடி என்று கை தானாக ஓயும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடுப்படியில் புழங்கும் போனின் லென்ஸில் எண்ணெய் படிந்திருக்கும்; துடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்த ஆட்சேபம் கனமானது. குடமும் கொடியும் தெரிந்தால் வறுமையைக் கடைவிரிப்பதாகாதா? வடசென்னை என்றதுமே கத்தியையும் குப்பைமேட்டையும் காட்டிப் பழகிய சினிமாவும் செய்தியும் இருக்கும்போது, இந்தக் கூச்சத்தைக் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் எடுப்பவர் யார் என்பதிலும், படத்தின் நடுவில் இருப்பது எது என்பதிலும் இருக்கிறது. வெளியாள் வந்து குடத்தைப் படமெடுத்தால் அது தட்டுப்பாட்டின் அடையாளம். பதினைந்து வருடமாக அந்தக் குடத்தை இடுப்பில் சுமப்பவரை அவர் மகள் எடுத்தால், நடுவில் நிற்பது அம்மாவின் உழைப்பு. மதுரை வட்டாரத்தில் மீன் விற்ற தாயின் மகனான புகைப்படக் கலைஞர் மு. பழனி குமார், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். தன் அம்மாவின் வேலையைப் படமாக்கினார். 2022-இல், ஊரக இந்தியாவைப் பதிவுசெய்யும் ‘பாரி’ இணையதளம் சார்ந்த தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான். மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கற்றுத் தருகிறார். அந்த விருதுக்குப் பெயர் தந்த புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் தாய் நோனி சிங்கும் வீட்டுக்குள் இருந்தே படம் எடுத்தவர். சகோதரிகளையும் மகள்களையும் அவர் எடுத்த படங்கள் 2013-இல் நூலாயின. வசதியில் இருவர் வீடுகளுக்கும் தூரம் அதிகம். எடுத்தவர் வீட்டு மனிதர் என்பது பொது.

இவ்வளவுக்குப் பிறகும், படத்தில் இருப்பவர் “வேணாம்” என்றால் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒன்பது வயதுப் பெண் முகம் திருப்பினால் அது பதில். எடுப்பதும் ஊருக்குக் காட்டுவதும் தனித்தனிச் சம்மதங்கள். வீட்டு வேலையின் படம் ஸ்டேட்டஸில் போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போனை எப்போதும் அண்ணனே வைத்திருக்கும் வீட்டில் அண்ணன் படத்தில் இருக்கவே மாட்டார், அவர் பார்க்காத வேலைகளும் பதிவாகாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் போன் அம்மா கையில் இருக்கட்டும், இன்னொரு நாள் பாட்டி கையில். எடுத்ததில் தேறியவற்றைப் பாதுகாப்பதும் வேலையின் பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆல்பங்கள் ஊறிப்போயின. செல்போனும் தொலையும், உடையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். வெளியூர் உறவினர் ஒருவருக்கு அப்படி அனுப்பிவைத்துவிட்டு, மாதத்துக்கு நாலைந்து படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் தேதியும் தெருப் பெயரும் என்ன வேலை என்பதும் எழுதி, பரணில் உயரமாக வையுங்கள்.

(தொடரும்)