மடியிழந்த மழலையின் நோய்

மேற்கு ஆபிரிக்காவில், இன்று கானா என வழங்கும் நாட்டின் கரையோரத்திலே கா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழியில் 'குவாஷியோர்க்கர்' என்றொரு சொல் உண்டு. தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாயின் மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

அந்நாடு பொற்கரை என்னும் பெயரோடு பிரித்தானியர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1929ஆம் ஆண்டு, சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் அங்கே பணியாற்றச் சென்றார். கையும் காலும் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டையாகி, விளையாட்டையும் சிரிப்பையும் மறந்த குழந்தைகள் பலரை அவர் கண்டார். வீக்கத்தை மட்டும் பார்ப்போர் பிள்ளை கொழுத்துவிட்டதென மயங்குவர். உள்ளேயோ தசை கரைந்துகொண்டிருக்கும். 1933இல் அவர் இந்நோயை விவரித்து எழுதியபோது, இது பெல்லாக்ரா என்னும் பழைய நோயே என்று சிலர் மறுத்தனர். அவர் தளரவில்லை. 1935இல் மக்கள் இட்ட பெயரையே நோய்க்குச் சூட்டி மீண்டும் எழுதினார்.

காரணம் யாது? தாய்ப்பாலை மறந்த குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோளமாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கஞ்சியே. சோளத்திற் புரதம் குறைவு; அப்புரதத்திலும் லைசின், திரிப்டோபன் என்னும் கூறுகள் போதா. நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையுமேயன்றி உடல் வளராது.

பரிகாரமும் அம்மண்ணிலேயே விளைந்தது. சோளத்திற் குறைந்த லைசின் பயற்றினத்தில் மிகுதி. எனவே 1987இல், சோளத்துடன் கௌபி அல்லது சோயாவும் நிலக்கடலையும் வறுத்துச் சேர்த்து அரைத்த 'வீனிமிக்ஸ்' என்னும் மா கானாவில் அறிமுகமாயிற்று. கிராமத்துத் தாய்மார் தாமே ஆக்கக்கூடிய உணவு அது.

எனினும் புரதக் குறைவு ஒன்றே முழுக் காரணமன்று. மலாவி நாட்டில் ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டைக் குழந்தைகளுள் ஒன்று நோயுற, மற்றது நலமாயிருந்தது ஏன் என ஆராய்ந்தோர், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதிற் பங்குண்டென 2013இல் காட்டினர்.

ஆராய்ச்சி இன்னும் நீளலாம். ஆனால் நோய் எந்த வேளையில் வாசலுக்கு வருகிறது என்பதை அத்தாய்மார் முன்னரே அறிந்து பெயரிட்டிருந்தனர். அவர்களிடம் குறைந்தது அறிவன்று. இடமிழந்த குழந்தைக்கு ஊட்டுதற்கேற்ற ஒரு பிடி நல்லுணவே.