வேப்பில் கருகல் வாடையா? வாட்டைக் கூட்டும் முன் காயிலைப் பாருங்கள்

“ரெண்டு நாளா ஒரே கருகல் வாடைம்மா. வாட்டக் கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டேன், ருசியே இல்ல. இதுக்கு சிகரெட்டே தேவலாம் போல.”

லோரி ஓட்டும் என் மாமா சொன்னது இது. இருபது ஆண்டுக்கு மேல் புகைத்த சிகரெட்டை விட்டு, எட்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் வேப்புக்கு மாறினார். ஒரு சிறிய காயிலால் அவர் மீண்டும் சிகரெட்டுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

காயில் என்பது பஞ்சோடு சேர்ந்த மெல்லிய உலோகக் கம்பி அல்லது வலை. மின்சாரம் பாய்ந்ததும் அது சூடாகி, பஞ்சில் ஊறிய திரவத்தை ஆவியாக்குகிறது. அகல் விளக்கை நினைத்துக் கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கும்வரை திரிக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் வற்றினால் திரியே கருகும். வாட்டைக் கூட்டும்போது, பஞ்சு ஊறும் வேகத்தைவிடத் திரவம் வேகமாக ஆவியாகிறது. மாமா அறியாமல் செய்தது இதைத்தான்.

எந்தக் காயிலுக்கு எத்தனை வாட்?

காயிலின் மேல் இரண்டு விவரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஓம், அதாவது மின்தடை. மற்றொன்று வாட் வரம்பு. பொதுவாக:

• 0.8 முதல் 1.2 ஓம்: 10 முதல் 18 வாட். சிகரெட்டைப் போல வாயில் இழுத்துப் பழகியவர்களுக்கு ஏற்றது.

• 0.4 முதல் 0.6 ஓம்: 20 முதல் 35 வாட்.

• 0.15 முதல் 0.2 ஓம்: 50 முதல் 80 வாட். புகை அதிகம், திரவமும் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

காயிலுக்குக் காயில் இது மாறும் என்பதால், பொறித்திருக்கும் வரம்பே முக்கியம். அதன் குறைந்த எண்ணில் தொடங்கி, ஒன்றிரண்டு வாட்டாகக் கூட்டுங்கள். சுவை தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மாமாவின் காயிலில் 20 முதல் 28 வாட் என்றிருந்தது. அவர் வைத்திருந்ததோ 35!

புதுக் காயில் போட்டதும் பஞ்சில் சில சொட்டுத் திரவம் விட்டு, டேங்க்கை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருங்கள். காய்ந்த பஞ்சு ஒரே இழுப்பில் கருகிவிடும். கருகிய பஞ்சு மீண்டும் சரியாகாது. காயிலை மாற்றத்தான் வேண்டும். இனிப்பு மிகுந்த திரவம் கம்பியில் கரியாகப் படிந்து காயிலின் ஆயுளைக் குறைக்கும்.

நிக்கோட்டின் அதிகமுள்ள ‘சால்ட்’ வகைத் திரவத்தைக் குறைந்த வாட் கருவியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதை 60 வாட் கருவியில் ஊற்றினால் நிக்கோட்டின் அளவு மீறி, தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வரலாம்.

வாடை ஓர் எச்சரிக்கை

கருகல் வாடையைச் சகித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடாகும் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்றவை அதிகமாக வெளிவருகின்றன. இதில் ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வாட்டைச் சரியாக வைத்தால் இந்த ஆபத்து குறையும்; ஆனால் வேப் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. நிக்கோட்டின் அடிமைத்தனமும் அப்படியே இருக்கும். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைத் தொட ஒரு காரணமும் இல்லை.

2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் 852-இன்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப் விற்பது குற்றம். சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே குற்றம் என்பதால், ஜோகூர் பாலம் கடப்பவர்கள் பையை ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

நிக்கோட்டினை முழுமையாக விட நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் ‘எம்குவிட்’ சேவை உண்டு.

மாமா புதுக் காயில் போட்டு 22 வாட்டில் வைத்திருக்கிறார். கருகல் வாடை போய்விட்டது. சிகரெட் பேச்சும் இல்லை. கிளினிக்குக்கு எப்போது என்று கேட்டேன். “அடுத்த லீவுல போலாம்மா” என்றார். தேதியை நான் குறித்து வைத்திருக்கிறேன்.