பாக்கியைக் கழித்தபின் யார் கையில் என்ன மிஞ்சும்?

லண்டன் நகரத்து லொம்பார்டு தெருவில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காசோலைகளைச் சுமந்துகொண்டு வங்கிக்கு வங்கி நடந்து அலுத்த குமாஸ்தாக்கள், நாம் அவர்களுக்குத் தருவதும் அவர்கள் நமக்குத் தருவதுமாக இருக்கையில் இந்த அலைச்சல் எதற்கு என்று எண்ணி, ஓரிடத்தில் கூடித் தங்களுக்குள்ளேயே கணக்கைக் கழித்துக்கொண்டு, மிஞ்சிய பாக்கியை மட்டும் கைமாற்றத் தொடங்கினார்கள். முதலாளிமார் உத்தரவிட்டு வந்த ஏற்பாடன்று அது. நாளடைவில் அதற்கெனத் தனி அறையே ஏற்பட்டது. அங்கே நாளொன்றுக்குச் சராசரி 25 லட்சம் பவுன் தீர்வதற்குச் சுமார் 2 லட்சம் பவுன் நோட்டுகளே போதுமாயிருந்தன என்று 1832-இல் சார்லஸ் பாபேஜ் எழுதினார்.

அனைவரும் கொடுக்கச் சக்தியுள்ளவராயிருக்கும் வரை இதில் தகராறு இல்லை. ஒருவர் மஞ்சள் கடுதாசி நீட்டினால்தான் நியாயம் என்பது என்ன என்ற கேள்வி பிறக்கிறது.

மேலத்தெரு வங்கியும் கீழத்தெரு வங்கியும் ஒன்றுக்கொன்று 50 ரூபாய் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலும், முன்னது ஒரு ஜவுளி வியாபாரிக்கும் பின்னது ஒரு நெல் வியாபாரிக்கும் தலைக்கு 50 ரூபாய் பாக்கி. மேலத்தெருவின் கையில் 30, கீழத்தெருவின் கையில் 15. இது எவ்வளவு கொடுக்கும் என்பது அது எவ்வளவு கொடுக்கும் என்பதைப் பொறுத்தும், அது இதைப் பொறுத்தும் நிற்பதால், எங்கே தொடங்குவது என்றே தெரியாத சக்கரம் இது. ஆயினும், திவாலான ஸ்தாபனம் தன்னிடமுள்ளதையும் தனக்கு வருவதையும் முழுவதும் விகிதாசாரப்படி பங்கிடவேண்டும் என்று விதித்துவிட்டால், வலை எவ்வளவு சிக்கலானதாயினும் தீர்வு நிச்சயம் உண்டு என்றும், சாதாரண நிபந்தனைகளில் அது ஒன்றே என்றும் ஐசன்பெர்க், நோ என்ற இரு அறிஞர்கள் 2001-இல் நிரூபித்தார்கள். நம் உதாரணத்தில் மேலத்தெரு மொத்தம் 50-ம் கீழத்தெரு 40-ம் கொடுக்கும். ஜவுளி வியாபாரிக்கு 25, நெல் வியாபாரிக்கு 20.

அதே வங்கிகள் தங்களுக்குள் இருக்கும் ஐம்பதை ஐம்பதோடு முதலிலேயே கழித்துக்கொண்டால்? ஜவுளி வியாபாரிக்கு 30, நெல் வியாபாரிக்கு 15. மொத்தம் அதே 45தான்; ஆனால் ஒரு சம்பந்தமுமில்லாத நெல் வியாபாரி 5 ரூபாய் இழந்து நிற்கிறார்.

எனினும் கழித்துக்கொள்ளும் முறைக்கு எதிராக மட்டும் பேசுவது முறையன்று. 1974 ஜூன் 26 அன்று கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் வங்கியை அதிகாரிகள் மூடியபோது, அதற்கு மார்க் நாணயத்தை முழுமையாகச் செலுத்திவிட்டு நியூயார்க்கில் டாலருக்குக் காத்திருந்த வங்கிகள் வெறுங்கையோடு நின்றன. முழுதாகக் கொடுத்துவிட்டுப் பங்காகப் பெறுவதும் அநியாயமே. இத்தகைய அச்சத்தைத் தணிக்கவே, தகுதியுள்ள நிதி ஒப்பந்தங்களில் இரு தரப்பார் ஒருவரோடொருவர் கழித்துக்கொண்ட கணக்கு, அவர்களில் ஒருவர் திவாலானாலும் செல்லும் என்று நமது நாட்டில் 2020-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

அச்சட்டத்தை நான் குறைகூற வரவில்லை. ஆனால் இந்த உரிமையை அனுபவிக்கும் ஸ்தாபனங்கள், கழித்தபின் தங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை, வெளியே நின்று கடன் கொடுக்கிறவர்கள் கடன் கொடுப்பதற்கு முன்பே அறியும்படி வெளியிடவேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.