பல் கதிரையின் இரு பக்கமும்: வன்னியின் பல் வைத்தியர்களும் சொல்லப்படாத களைப்பும்

வன்னியில் வைத்தியத்துறை பற்றிப் பேச்செடுத்தால் 2009 தானாகவே வந்து நிற்கும். எறிகணைகள் விழுந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலை, அதன்பின் புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால் என இடம்மாறிக்கொண்டே நடந்த சிகிச்சையை எங்கள் மக்கள் மறக்கவில்லை. மருந்தும் விறைப்பு ஊசியும் தீர்ந்த நிலையிலும் நின்று வேலை செய்த வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோரையும், போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டதையும் மறக்கவில்லை.

அந்த நினைவு மதிப்புக்குரியது. ஆனால் இன்று இங்கு வேலை செய்யும் சுகாதாரத் துறையினருக்கு அது ஒரு சுமையாகவும் மாறுகிறது. ‘அவர்கள் செல்லுக்குள்ளே நின்றார்கள், நான் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு களைச்சுப் போனேன் என்று சொல்லலாமா?’ என்ற கேள்வி வாயை அடைத்துவிடுகிறது. பல் வைத்தியருக்கு இது இன்னும் கடினம். உயிர் காக்கும் வேலை அல்ல, ‘பல்லுப் பிடுங்கிறது’ தானே என்று பலர் எண்ணுவதால், தன் களைப்பைக் களைப்பாக ஒத்துக்கொள்ள அவருக்கே தயக்கம் வரும்.

களைப்புக்கு ஒரு பெயர் உண்டு

ஆங்கிலத்தில் ‘பேர்ன் அவுட்’ எனப்படும் இதைத் தொழிற்களைப்பு என்று சொல்லலாம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டபோது, தொழிற்களைப்பு ஒரு நோயாக அல்லாமல் வேலையோடு சம்பந்தப்பட்ட நிலைமையாக அதில் இடம்பெற்றது. வேலையிடத்தில் நீண்டகாலம் தொடரும் நெருக்கடி சரியாகக் கையாளப்படாதபோது அது வருகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சக்தி முழுவதும் வற்றிப்போன உணர்வு. இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகி, வெறுப்போ கசப்போ கொள்வது. மூன்று, ‘என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை’ என்ற எண்ணம்.

மூன்றாவதுதான் சுய சந்தேகம். களைப்பின் ஒரு பகுதியாக வரும் அதைத் தன் திறமை பற்றிய உண்மை என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

விறைக்காத ஊசி யாருடைய பிழை?

ஓர் உதாரணம் பார்ப்போம். முத்தையன்கட்டிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூத்தைப் பல் நோகத் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி வரமுடியாததால் வலிக் குளிசையோடு சமாளித்திருக்கிறார். கன்னம் வீங்கிய பிறகே கதிரையில் வந்து இருக்கிறார். வைத்தியர் விறைப்பு ஊசி போடுகிறார். விறைக்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகும் அவர் கத்துகிறார். வெளியே வாங்கில் காத்திருப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

அன்று இரவு வைத்தியருக்கு, ‘என் கை சரியில்லை’ என்று தோன்றும். ஆனால் சீழ் பிடித்து அழற்சியான இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த நிலையில் விறைப்பு மருந்து நரம்புக்குள் ஊடுருவுவது குறைந்துவிடும். இது பல் மருத்துவ மாணவர் படிக்கும் பாடம்தான். ஆனால் களைத்த மனம் படித்ததை மறந்துவிட்டுத் தன்னையே குற்றம் சாட்டுகிறது. வறுமையும் தூரமும் நோயும் சேர்ந்து உண்டாக்கிய நிலைமையை அது ஒருவரின் கைப்பிழையாகக் கணக்கு வைக்கிறது.

காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கும்போதும் இதுவே நடக்கிறது. வேர்ச் சிகிச்சைக்குப் பல தடவை வரவேண்டும். நோயாளிக்கு அது முடியாது, ‘பிடுங்கிவிடுங்கோ டொக்டர்’ என்கிறார். சரியானது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய வழியில்லாத நாட்கள் சேரச் சேர, மனம் காயப்படுகிறது.

கதிரையில் வந்திருக்கும் போர்

போரின் பாதிப்பு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தால் விளக்கினார். பல் சிகிச்சை அறையில் அது கண்முன்னே தெரியும். மல்லாந்து கிடப்பது, கண்ணில் வெளிச்சம் அடிப்பது, முகத்துக்கு மேல் ஒருவர் குனிவது, வாயைத் திறந்தபடி பேச முடியாமல் இருப்பது ஆகியவை தடுப்பிலும் சித்திரவதையிலும் துன்பப்பட்டவர்களுக்குப் பழைய நினைவைக் கிளப்பக்கூடியவை. துளைக்கும் கருவியின் சத்தமும் அப்படித்தான். திடீரென்று கையைத் தட்டிவிடுபவர், பாதியில் எழுந்து போய்விடுபவர், வைத்தியரின் திறமையை மறுக்கவில்லை. அவருடைய உடம்பு பழைய ஆபத்தொன்றுக்குப் பதில் சொல்கிறது.

கதிரைக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் அதே மண்ணின் பிள்ளையாக இருக்கலாம். மெனிக் பாம் முகாமில் சிறுவயதைக் கழித்த தலைமுறை இன்று தொழில் செய்யும் வயதில் இருக்கிறது. நோயாளியின் பதற்றம் அவர்களையும் தொடும்.

செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கைப் பிரிப்பது. சரிவராத ஒரு சிகிச்சையைப் பற்றி மூன்று வரி எழுதலாம்: இதில் என் கையால் வந்தது எது, நோயால் வந்தது எது, வசதியில்லாததால் வந்தது எது? முதலாவது வரியில் இருப்பதைக் கற்றுத் திருத்தலாம். இரண்டாவதை நோயாளிக்கு விளங்கப்படுத்தலாம். மூன்றாவதை மேலிடத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். மூன்றையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சக வைத்தியருடன் பேசுவது. தனியாளாக ஒரு கிளினிக்கை நடத்துபவருக்கு ‘எனக்கும் இப்படி நடந்தது’ என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பரந்து கிடப்பவர்கள் மாதத்தில் ஒரு முறை தொலைபேசியிலாவது சிக்கலான சிகிச்சைகளைப் பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது, நோயாளியுடன் ஓர் ஒப்பந்தம். ‘இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன்’ என்று தொடங்க முன்னரே சொல்லி, தூக்கியதும் உண்மையாகவே நிறுத்துவது. கருவியைக் காட்டி, சத்தத்தைக் கேட்கவிட்டு, பிறகு வாய்க்குள் கொண்டுபோவது. கட்டுப்பாடு தன்னிடம் இருப்பதை உணரும் நோயாளி அமைதியாவார். வைத்தியரின் பதற்றமும் குறையும்.

நான்காவது, எல்லை. பகலில் அரச வைத்தியசாலை, பின்னேரம் தனியார் கிளினிக் என்று ஓடுபவர்கள், கிழமையில் ஒரு பின்னேரத்தையாவது விட்டுவைப்பது நல்லது. நித்திரை குலைவது, குடி கூடுவது, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வருவது ஆகியவை களைப்பைத் தாண்டிய அறிகுறிகள். அப்போது உளமருத்துவரிடம் போகவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இவை எல்லாவற்றையும் வைத்தியரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நெருக்கடி வேலையிடத்தில் பிறப்பதால், உதவியாளர், உபகரணம், பதில் வைத்தியர், முறையான விடுமுறை ஆகியவற்றை ஒழுங்கு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

நோயாளிகளாகிய எங்களாலும் ஒன்று செய்ய முடியும். கதிரையில் ஏறமுன், ‘எனக்குப் பயம், படுத்தால் பழசு ஞாபகம் வரும்’ என்று வைத்தியரிடம் சொல்லலாம். காரணம் முழுவதையும் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வசனம் போதும், அவர் கதிரையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து வேலையைத் தொடங்குவதற்கு.