தூக்குமரமும் மக்கள் மனமும்

ரொறன்ரோ நகரின் பழைய டொன் சிறைச்சாலைக் கட்டடத்தை எம்மவரிற் பலர் அறிவர். இன்று அது ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பகுதி. 1962 டிசம்பர் 11ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், ஆதர் லூக்கஸ், ரொனால்ட் டேர்ப்பின் என்னும் இருவர் அங்கு ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். கனடாவில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை அதுவே. 1976 யூலையில் கொலைக்குற்றத்துக்கான மரண தண்டனையை நாடாளுமன்றம் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நீக்கியது. முதற்தரக் கொலைக்கு ஆயுட்சிறை விதியாயிற்று.

கயிறு போனால் கொலை பெருகும் என்றே அன்று பலரும் அஞ்சினர். நடந்தது வேறு. 1975இல் இலட்சம் பேருக்கு மூன்று என்ற அளவைச் சற்றுத் தாண்டி நின்ற கொலைவீதம், ஏற்ற இறக்கங்களுடன் குறைந்து 2013இல் ஏறத்தாழ ஒன்றரைக்கு வந்தது. 2020ஐ அடுத்த ஆண்டுகளில் மீண்டும் கூடியபோதும் பழைய உச்சத்தை எட்டவில்லை.

தண்டனையை நீக்கியதால்தான் கொலை குறைந்தது என்று வாதிடுவோரும் உளர். அதனையும் நாம் ஏற்பதற்கில்லை. எல்லைக்கு அப்பால் ஐக்கிய அமெரிக்கா 1977இல் மரண தண்டனையை மீண்டும் நிறைவேற்றத் தொடங்கியது. எனினும் இரு நாடுகளின் கொலைவீதங்களும், அளவில் வெகுவாக வேறுபட்டபோதும், பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. அந்நாட்டின் தேசிய ஆய்வுப் பேரவை முப்பதாண்டுக் கால ஆய்வுகளைப் பரிசீலித்து 2012இல் அறிக்கை தந்தது. தூக்கு கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதற்கு அவ்வாய்வுகள் விடை தரவில்லை என்பதே அதன் முடிவு.

கொலைவீதம் இறங்கியபோதும் மக்கள் மனம் அதனோடு இறங்கவில்லை. 1980களின் கருத்துக்கணிப்புகளிற் பெரும்பான்மையோர் தூக்கையே கேட்டனர். 1987 யூன் 30இல், மரண தண்டனையை மீளக் கொண்டுவருவது பற்றி, கட்சிக் கட்டுப்பாடற்ற வாக்கெடுப்பு நடைபெற்றது. பிரதமர் பிறையன் மல்றோனியின் கட்சியினரிற் பலர் அதற்கு ஆதரவு, பிரதமரோ எதிர்ப்பு. 148க்கு 127 என்ற கணக்கில் அது தோற்றது. வாக்காளரின் விருப்பைக் கேளாத நாடாளுமன்றத்தை நாம் பாராட்டுவது அபூர்வம். இவ்விடயத்திற் பாராட்டியே ஆகவேண்டும்.

தூக்கை வேண்டுவோரிடம் புள்ளிவிபரம் காட்டிப் பயன் சிறிதே. அவர்களைப் பேச வைப்பது கணக்கு அன்று, சினம். ஒரு குழந்தை கொலையுண்ட செய்தி வந்த அன்று எம்மவர் வீடுகளிலும் இப்பேச்சே எழுகின்றது. அச்சினத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் சினம் சட்டமெழுதப் புகுந்தால் என்ன நேரும் என்பதை நாம் விட்டுவந்த தீவு முன்னரே கண்டிருக்கின்றது. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு மரண தண்டனையை இடைநிறுத்தியது. நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு இதனை ஆராய்ந்து, இடைநிறுத்தத்தாற் கொலை பெருகியமைக்குச் சான்றில்லை என 1959இல் அறிவித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் பிரதமரே சுடப்பட்டு இறந்தார். அறிக்கை மூலைக்குப் போயிற்று. நடந்து முடிந்த அக்கொலைக்கும் பொருந்துமாறு தண்டனை மீட்கப்பட்டது. அவசரத்தில் எழுதிய அச்சட்டம் கொலையைச் சொல்லிற்று. கொலைச் சதியை விட்டுவிட்டது. சுட்ட சோமராம 1962இல் தூக்கிலேற, சதியில் முதன்மையானவர் எனத் தீர்க்கப்பட்ட புத்தரக்கித்த ஆயுட்சிறையோடு உயிர் தப்பினார்.

அதே 1959இல் ஒன்ராறியோவில் ஸ்ரிவன் ட்றஸ்கொற் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு, உடன் படித்த சிறுமியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நாளும் குறித்தாயிற்று. 1960இன் தொடக்கத்தில் அத்தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. 1969இல் அவர் வெளிவந்தார். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது 2007இல். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. செய்யாத கொலைக்காக டொனால்ட் மார்ஷல் 11 ஆண்டுகளும், டேவிட் மில்காட் 23 ஆண்டுகளும் சிறையிருந்தனர்.

மார்ஷல், மில்காட் போன்றோரின் வழக்குகள் கனடிய உயர் நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் எடுத்துக்காட்டப்பட்டன. அமெரிக்காவிற் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட இரு கனடிய இளைஞரை அங்கு ஒப்படைக்கலாமா என்பதே வழக்கு. பத்தாண்டுகளுக்கு முன்னர், இதுபோன்ற வழக்கில், உத்தரவாதம் எதுவுமின்றி ஒப்படைக்கலாம் என்று கூறியதும் இதே நீதிமன்றமே. இம்முறையோ, மிக விதிவிலக்கான நிலைமையிலன்றி, மரண தண்டனை விதிப்பதில்லை என்ற உத்தரவாதம் பெறாமல் எவரையும் ஒப்படைத்தலாகாது என ஒருமனதாகத் தீர்த்தது. உத்தரவாதம் பெறப்பட்டது. இளைஞர் இருவரும் அனுப்பப்பட்டு, குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஆயுட்சிறை பெற்றனர். அனுப்பப்படும் இடத்தில் ஒருவருக்கு என்ன நேரும் என்பதற்கு அனுப்பும் நாடும் பொறுப்பு என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. அகதி விசாரணை மண்டபத்தில், தம்மைத் திருப்பி அனுப்பினால் என்ன நேரும் என்று விளக்கிச் சொல்லக் காத்திருக்கும் எம்மவரிற் சிலர், குற்றம் செய்தோர்க்கென எழுதப்பட்ட அத்தீர்ப்பைத் தம் சட்டத்தரணியிடம் கேட்டறிவது நன்று.